சிவிலைசேஷன் 6 பலர் ஆட்டம்: ஆராய்ச்சியை எப்போது, எதற்காக முடிப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள பதில்கள், 'கேதரிங் ஸ்டார்ம்' விரிவாக்கத்துடன் மனிதர்கள் மனிதர்களை எதிர்த்து ஆடும் சிவிலைசேஷன் 6 என்ற, நாகரிகத்தை வளர்த்துப் போரிடும் கணினி உத்தி ஆட்டத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வேறாகக் குறிப்பிடாத இடங்களில் எண்கள் ஸ்டாண்டர்ட் என்ற வழக்கமான ஆட்ட வேகத்துக்கு உரியவை. விதிகளை மாற்றும் கூடுதல் நிரல்களான மாட்கள் இந்த எண்களில் பலவற்றை மாற்றுவதால், ஆட்டத்தில் சேருமுன் எந்த மாட் இயங்குகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மற்றவர்களைவிடச் சுற்றுக்கு அதிக அறிவியல் புள்ளி ஈட்டினால் போதாதா?

கணினியை எதிர்த்து ஆடும்போது பெரும்பாலும் போதும். மனிதர்களோடு ஆடும்போது போதாது. ஒரு தொழில்நுட்பத்தின் மதிப்பு அதை வைத்திருப்பதில் இல்லை; அது நம் கையில் இருந்து, அதற்கான மாற்று எதிரியின் கைக்கு வராமல் இருக்கும் அந்தச் சில சுற்றுகளில்தான் இருக்கிறது. அந்த இடைவெளியில் அதைப் பயன்படுத்தாவிட்டால், நாம் முன்னால் இருந்தோம் என்பது தரவரிசைப் பட்டியலில் ஒரு வரியாக மட்டுமே மிஞ்சும்.

ஆகவே, 'அடுத்து எதை ஆராய்வது' என்ற கேள்விக்கு முன்பாக 'எந்தச் சுற்றில், எந்த எல்லையில், எதைச் செய்யப் போகிறேன்' என்ற கேள்வி வர வேண்டும். அந்தச் சுற்றிலிருந்து பின்னோக்கி எண்ணி, தொழில்நுட்பமும் தங்கமும் படைகளும் ஒரே வேளையில் தயாராகுமாறு திட்டமிடுபவர், அவரைவிட இரண்டு தொழில்நுட்பம் முன்னால் இருப்பவரைக்கூட வீழ்த்திவிடுவார். புள்ளிகளில் முன்னணியில் இருந்துகொண்டே நகரத்தைப் பறிகொடுக்கும் ஆட்டக்காரர்களைப் பலர் ஆட்டத்தில் அடிக்கடி பார்க்கலாம். அவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சியைத் தனி ஓட்டப்பந்தயமாக ஆடியவர்கள்.

ஒரே ஒரு படி முன்னால் இருப்பது போரில் உண்மையில் எவ்வளவு வேறுபாட்டைத் தருகிறது?

நினைப்பதைவிட அதிகம். இந்த ஆட்டத்தில் சேதம், இரு படைகளின் வலிமைக்கு இடையிலான வித்தியாசத்தைப் பொறுத்து அடுக்குமுறையில் ஏறுகிறது. வலிமை சமமாக இருந்தால் ஒரு மோதலில் இரு பக்கமும் சராசரியாக 30 சேதம். வித்தியாசம் 1 கூடும்போதெல்லாம் வலியவர் தரும் சேதம் சுமார் 4 விழுக்காடு கூடுகிறது. அதே அளவுக்கு அவர் வாங்கும் சேதம் குறைகிறது. ஒவ்வொரு படைக்கும் உயிர்ப் புள்ளி 100.

தொடக்கக் காலக் காலாட்படையான வாரியரின் வலிமை 20, அதற்கு அடுத்த படியான வாள்படை ஸ்வார்ட்ஸ்மேனின் வலிமை 35. வித்தியாசம் 15. கணக்கிட்டால் ஸ்வார்ட்ஸ்மேன் ஒரு மோதலில் சராசரியாக 55 சேதம் தந்து 16 வாங்குகிறது. அதாவது வாரியர் இரண்டாவது அடியில் விழுகிறது. ஸ்வார்ட்ஸ்மேனுக்கு மூன்றில் இரண்டு பங்கு உயிர் மிச்சம் இருக்கிறது, அது பின்வாங்கி ஆறிக்கொண்டு மறுபடி வரலாம். வித்தியாசம் 20 ஆனால் 67-க்கு 13. இந்த நிலையில் எண்ணிக்கையில் இரு மடங்கு வைத்திருப்பவர்கூடத் தடுமாறுவார். எனவே படி முன்னால் இருக்கும் காலத்தில் படைகளை இழக்காமல் போரிட முடிகிறது. போர் நீளும்போது உற்பத்தியில் பின்தங்காமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

வித்தியாசம் 5 மட்டும் என்றால் கதை வேறு. அப்போது நிலப்பரப்பு, பக்கத்தில் நிற்கும் நம் படைகளின் துணை, தளபதி, அரசு முறை ஆகியவை தரும் சிறு கூட்டல்களே ஆராய்ச்சி முன்னணியை விழுங்கிவிடும். ஒலிகார்க்கி அரசு கைச்சண்டைப் படைகளுக்கு 4 வலிமை கூட்டுகிறது. தூதரகப் பார்வையில், அதாவது எதிரியைப் பற்றி அறிந்திருக்கும் அளவில், ஒரு நிலை முன்னால் இருந்தால் 3 கூடுகிறது. இவ்விரண்டும் சேர்ந்தாலே 7.

இந்த இடைவெளி எத்தனை சுற்று நீடிக்கும் என்று எப்படிக் கணிப்பது?

மூன்று காலங்களைக் கூட்டிப் பாருங்கள்: படை எல்லைக்குப் போய்ச் சேர எடுக்கும் சுற்றுகள், முதல் நகரத்தை வீழ்த்த எடுக்கும் சுற்றுகள், எதிரி நம் படையைக் கண்டது முதல் மாற்றுத் தொழில்நுட்பத்தை முடித்து அதன் விளைவைக் களத்தில் இறக்க எடுக்கும் சுற்றுகள். முதல் இரண்டின் கூட்டுத்தொகை மூன்றாவதைவிடக் குறைவாக இருந்தால் தாக்குதல் நடக்கும். இல்லையென்றால் அந்தத் தொழில்நுட்பத்தை வேறு எதற்காவது பயன்படுத்த வேண்டும்.

இதில் பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஆட்ட வேகம். பலர் ஆட்டங்கள் பெரும்பாலும் ஆன்லைன் வேகத்தில் நடக்கின்றன. அந்த வேகத்தில் ஆராய்ச்சிச் செலவும் உற்பத்திச் செலவும் ஸ்டாண்டர்டில் பாதி. முழு ஆட்டமும் 500 சுற்றுக்குப் பதிலாக 250 சுற்று. ஆனால் படைகளின் நடை வேகம் மாறுவதில்லை. வாரியர் அப்போதும் சுற்றுக்கு இரண்டு கட்டம்தான் நகரும். ஆகவே எதிரியின் நகரம் வரைபடத்தில் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது என்றாலும், ஆராய்ச்சியின் கணக்கில் அது இரு மடங்கு தொலைவுக்குப் போய்விடுகிறது. ஸ்டாண்டர்ட் வேகத்தில் கண்ட காணொளியைப் பார்த்து ஆன்லைன் வேகத்தில் அதே தாக்குதலைச் செய்ய முயல்பவர்களின் ஸ்வார்ட்ஸ்மேன்கள், எதிரியின் குறுக்குவில் படையான கிராஸ்போமேன்களுக்கு முன்னால் போய் நிற்பது இதனால்தான்.

அண்டை நகரம் பத்துக் கட்டத்துக்குள் இருந்தால் மட்டுமே தொடக்கக் காலத் தாக்குதலை ஆன்லைன் வேகத்தில் யோசிப்பேன். அதற்கு மேல் என்றால் குதிரைப்படை வரும்வரை பொறுப்பதே சரி என்பது என் கணிப்பு.

யுரேகா எல்லாவற்றையும் துரத்த வேண்டுமா?

இல்லை. ஆனால் எதைத் துரத்துவது என்று தேர்ந்தெடுப்பதுதான் இந்த ஆட்டத்தின் ஆராய்ச்சி உத்தியில் பாதி.

யுரேகா என்பது, ஒரு தொழில்நுட்பத்துக்கென்று குறித்த செயலைச் செய்தால் கிடைக்கும் ஊக்கம்; அது அந்தத் தொழில்நுட்பத்தின் செலவில் 40 விழுக்காட்டை உடனே தந்துவிடுகிறது. தொடக்கத்தில் இதன் எடை எவ்வளவு என்பதை, ஸ்வார்ட்ஸ்மேனைத் தரும் அயர்ன் வொர்க்கிங் வரையிலான பாதையில் பார்க்கலாம். மைனிங் 25, பிரான்ஸ் வொர்க்கிங் 80, அயர்ன் வொர்க்கிங் 120, மொத்தம் 225. மைனிங்குக்கு யுரேகா கிடையாது. மற்ற இரண்டுக்கும் யுரேகா பெற்றால் 25, 48, 72 என மொத்தம் 145 ஆகிறது. தொடக்கத்தில் சுற்றுக்கு 5 புள்ளி ஈட்டும் ஒருவருக்கு இது 45 சுற்றுக்கும் 29 சுற்றுக்கும் உள்ள வேறுபாடு. அந்தக் கட்டத்தில் எந்த நூலகமும் தர முடியாத லாபம் இது.

இந்தப் பாதையில் யுரேகாக்கள் ஒன்றையொன்று இழுத்து வருவதையும் கவனியுங்கள். மூன்று காட்டுமிராண்டிப் படைகளைக் கொன்றால் பிரான்ஸ் வொர்க்கிங்கின் யுரேகா கிடைக்கிறது. பிரான்ஸ் வொர்க்கிங் முடிந்ததும் வரைபடத்தில் இரும்பு தெரிகிறது. அந்த இரும்பின் மேல் சுரங்கம் அமைத்தால் அயர்ன் வொர்க்கிங்கின் யுரேகா கிடைக்கிறது. அந்தச் சுரங்கமே ஸ்வார்ட்ஸ்மேனுக்கு வேண்டிய இரும்பையும் சேர்க்கத் தொடங்குகிறது. ஒரு ஸ்வார்ட்ஸ்மேனுக்கு 20 இரும்பு வேண்டும். ஒரு சுரங்கம் சுற்றுக்கு 2 தருகிறது. எனவே பிரான்ஸ் வொர்க்கிங் முடியும் சுற்றில், சுரங்கம் அமைக்கும் பில்டர் ஒன்று கையில் சும்மா இருக்க வேண்டும். பில்டரை அதற்குப் பிறகு கட்டத் தொடங்குபவர் யுரேகாவை மட்டுமல்ல, இரும்புக் கையிருப்பையும் தள்ளிப்போடுகிறார்.

மாறாக, போகும் வழியில் இல்லாத யுரேகாவுக்காக உற்பத்தியைத் திருப்புவது பெரும்பாலும் நஷ்டம். கடலோரத்தில் நகரம் அமைத்தால் செயிலிங்கின் யுரேகா கிடைக்கிறது. அதற்காக உள்நாட்டில் இருந்த நல்ல இடத்தை விட்டுக் கரைக்குப் போனால், 50 புள்ளித் தொழில்நுட்பத்தில் 20 மிச்சப்படுத்துவதற்காக ஒரு நகரத்தின் எதிர்காலத்தையே கொடுத்தவர் ஆகிறோம். எப்படியும் செய்யப்போகும் காரியத்தை இரண்டு மூன்று சுற்று முன்னதாகச் செய்வதால் கிடைக்கும் யுரேகாவே உண்மையில் இலவசம்: ரைட்டிங்குக்கு வேறொரு நாட்டைச் சந்திப்பது, ஆர்ச்சரிக்குக் கவண்படையான ஸ்லிங்கரால் ஒரு படையைக் கொல்வது, கரன்சிக்கு வணிகப் பாதை தொடங்குவது, அப்ரெண்டிஸ்ஷிப்புக்கு மூன்று சுரங்கம், மெஷினரிக்கு மூன்று ஆர்ச்சர் (வில்படை), எஞ்சினியரிங்குக்குப் பழங்கால மதில்.

ஸ்லிங்கர் பற்றி ஒரு சொல். காட்டுமிராண்டியை வாரியர் அடித்துச் சாகும் தறுவாய்க்குக் கொண்டுவந்து, கடைசி அடியை ஸ்லிங்கருக்கு விட வேண்டும். பலர் ஆட்டத்தில் எல்லாரும் ஒரே வேளையில் நகர்வதால், பக்கத்து ஆட்டக்காரரின் வாரியர் நமக்கு முன் அந்தக் கடைசி அடியைக் கொடுத்துவிட வாய்ப்புண்டு. எனவே சுற்று தொடங்கியதும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

யுரேகா வரும்வரை ஆராய்ச்சியை நிறுத்தி வைக்கலாமா?

நிறுத்த வேண்டாம், மாற்றுங்கள். இந்த ஆட்டத்தில் ஒரு தொழில்நுட்பத்தில் சேர்த்த புள்ளிகள் நடுவில் வேறொன்றுக்கு மாறினாலும் அப்படியே இருக்கும். யுரேகா 40 விழுக்காடு தருவதால், 60 விழுக்காடு வரை ஆராய்ந்துவிட்டு வேறொன்றுக்குத் தாவினால் எதுவும் வீணாகாது. 60-ஐத் தாண்டி ஆராய்ந்த பிறகு யுரேகா வந்தால், தாண்டிய பங்கு முழுவதும் நஷ்டம்.

ஆனால் இதை ஒரு சட்டமாகப் பிடித்துக்கொள்பவர்கள் உண்டு. எதிரியின் குதிரைகள் எல்லையில் நிற்கும்போது மிச்சமுள்ள 40 விழுக்காட்டுக்காகக் காத்திருப்பதில் பொருளில்லை. அப்போது முழு விலையும் கொடுத்து முடிப்பதே சிக்கனம்.

தொழில்நுட்பத்தை வேண்டுமென்றே முடிக்காமல் வைப்பதும் உத்தி என்கிறார்களே?

ஆம், அதற்குக் காரணங்கள் உண்டு. புதிய படை வகை கிடைத்ததும் பழைய மலிவான வகை பெரும்பாலும் கட்டும் பட்டியலிலிருந்து நீங்கிவிடுகிறது. பழையதை மலிவாகக் கட்டி வைத்துக்கொண்டு பிறகு தங்கம் கொடுத்து மேம்படுத்துவது, புதியதை நேரடியாகக் கட்டுவதைவிட வேகமானது. தேர்ப்படையான ஹெவி சாரியட்டின் உற்பத்திச் செலவு 65; அது மேம்பட்டு ஆகும் குதிரைப்படையான நைட்டின் செலவு அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். எனவே நைட்டைத் தரும் ஸ்டிரப்ஸ் ஆராய்ச்சியை ஒரு சுற்று மிச்சத்தில் நிறுத்திவிட்டு, நான்கைந்து சாரியட்களைக் கட்டி முடித்து, இரும்பையும் தங்கத்தையும் சேர்த்து, பிறகு அந்தக் கடைசிச் சுற்றை ஓட்டுவார்கள். மேம்படுத்தும் தங்கச் செலவைப் பாதியாக்கும் புரொஃபெஷனல் ஆர்மி கொள்கை அட்டையையும் அந்தச் சுற்றுக்கே செருகி வைப்பார்கள். எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு, முந்தைய சுற்றில் சாரியட்களாக இருந்தவை மறுசுற்றில் நைட்களாக நிற்கும்.

இங்கே ஒரு நுணுக்கம். மேம்படுத்துதல் நம் எல்லைக்குள் மட்டுமே நடக்கும். அது அந்தப் படையின் அந்தச் சுற்று நகர்வையும் தின்றுவிடும். ஆகவே தொழில்நுட்பம் முடியும் சுற்றில் படைகள் எல்லைக்கோட்டுக்கு உட்புறம் நிற்க வேண்டும். தாக்குதல் அடுத்த சுற்றில்தான். ஆர்வத்தில் எல்லையைத் தாண்டி நின்றுவிட்ட சாரியட் நைட்டாக மாறுவதற்குத் திரும்பி வர வேண்டும்.

முதலில் கேம்பஸ் கட்டுவதா, நகரங்களைப் பெருக்குவதா?

கேம்பஸ் என்பது அறிவியலுக்காக நகரத்தின் ஒரு கட்டத்தில் எழுப்பும் மாவட்டம். பெரும்பாலான வரைபடங்களில் நகரங்களே முதலில். ஒவ்வொரு குடிமகனும் சுற்றுக்கு 0.5 அறிவியல் தருகிறான். நகரங்களின் எண்ணிக்கை கூடினால் கேம்பஸ் கட்டும் இடங்களும் கூடுகின்றன. சிவிலைசேஷன் 5-இல் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' விரிவாக்கத்துக்குப் பிறகு ஒவ்வொரு கூடுதல் நகரமும் வழக்கமான அளவு வரைபடத்தில் ஆராய்ச்சிச் செலவை 5 விழுக்காடு கூட்டியது. அதனால் அங்கே நான்கு நகரங்களோடு நிறுத்திக்கொள்வது வழக்கமானது. 6-இல் அந்தத் தண்டனை இல்லை. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவருபவர்கள் நடு ஆட்டத்தில் பின்தங்குவார்கள்.

ஆனால் மாவட்டங்களின் விலை ஆராய்ச்சியோடு சேர்ந்தே ஏறுகிறது என்பதை மறக்கக் கூடாது. அடிப்படைச் செலவு 54. தொழில்நுட்ப மரத்திலோ பண்பாட்டு மரத்திலோ எதில் அதிக தூரம் போயிருக்கிறீர்களோ அதற்கேற்ப அது உயரும். மாவட்டத்துக்கான இடத்தைக் குறித்து வைத்த கணத்தில் அதன் விலை நிலைத்துவிடும். அதன்பின் நீங்கள் எத்தனை தொழில்நுட்பங்களை முடித்தாலும் அது கூடாது. ஆகவே ரைட்டிங் முடிந்ததும் எல்லா நகரங்களிலும் கேம்பஸுக்கு இடம் குறித்துவிட்டு, உற்பத்தியை உடனே, புதிய நகரம் அமைக்கும் செட்டிலருக்குத் திருப்பிவிடலாம். ஒரு நகரத்தின் முதல் மாவட்டத்துக்கு ஒரு குடிமகன் போதும், இரண்டாவதற்கு நான்கு, மூன்றாவதற்கு ஏழு. எனவே கேம்பஸ் முதலிடத்தைப் பிடித்தால் வணிக மையத்துக்கு நகரம் நான்கு பேராக வளரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இடத் தேர்வுக்கு, பக்கத்துக் கட்டங்கள் கேம்பஸுக்குத் தரும் கூடுதல் அறிவியல் (அருகமைவு) பற்றிச் சுருக்கமாக: ஒவ்வொரு மலைக்கும் 1, ஒவ்வொரு வெப்பப் பிளவுக்கும் பவளத்திட்டுக்கும் 2, இரண்டு மழைக்காடுகளுக்கு 1. அருகமைவு 3-க்குக் குறைந்த இடத்தில் முதல் கேம்பஸ் கட்டுவதைவிட வேறு மாவட்டம் நல்லது. அருகமைவை இரட்டிப்பாக்கும் நேச்சுரல் ஃபிலாசஃபி அட்டை நல்ல இடங்களை இன்னும் நல்லதாக்குகிறது. மோசமான இடத்துக்கு அதனால் பயனில்லை.

எல்லை நெருக்கடியில் இருக்கும் கேம்பஸ் ஆபத்தா?

ஆபத்துதான். கேம்பஸையும் அதன் கட்டடங்களையும் சூறையாடுபவருக்கு அறிவியல் புள்ளிகள் கிடைக்கின்றன. வேகமான குதிரைப்படை ஒன்று உள்ளே புகுந்து வெளியேறினால், நீங்கள் இழப்பதோடு அவர் பெறவும் செய்கிறார். உற்பத்தி மிக்க ஆனால் ஆராய்ச்சியில் பின்தங்கிய ஆட்டக்காரர்கள் இதையே ஒரு ஆராய்ச்சி முறையாக வைத்திருப்பார்கள். அவர்களின் பக்கத்தில் இருக்கும்போது மலைக்குப் பின்னால் இருக்கும் 3 அருகமைவு, எல்லையோரத்து 5-ஐவிட மேல்.

ஒரே பாதையில் வெகுதூரம் போவதா, எல்லாவற்றையும் பரவலாக முடிப்பதா?

'ரைஸ் அண்ட் ஃபால்' விரிவாக்கம் முதல், எல்லா நாடுகளுக்கும் பொதுவான உலக யுகம் என்ற கணக்கு இருக்கிறது. உலக யுகத்துக்கு முன்னால் இருக்கும் யுகத்தின் தொழில்நுட்பங்களுக்கு 20 விழுக்காடு கூடுதல் விலை. பின்னால் இருப்பவற்றுக்கு 20 விழுக்காடு தள்ளுபடி. இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரிகின்றன. தனியாக முன்னால் ஓடுபவர் கூடுதல் விலை கொடுக்கிறார்; ஆகவே அவர் பெறும் இடைவெளியை வைத்து ஏதாவது பறிக்காவிட்டால் அது வெறும் செலவு. அடுத்து, இப்போது தேவைப்படாத பழைய தொழில்நுட்பங்களைத் தள்ளிவைப்பது சோம்பேறித்தனம் அன்று. உலக யுகம் மாறிய பிறகு அவற்றைத் தள்ளுபடியில் அள்ளிக்கொள்ளலாம், அதற்குள் பலவற்றுக்கு யுரேகாவும் தானாக வந்திருக்கும்.

எனவே கூர்மையான பாதை, பிறகு விட்டவற்றை அகலமாக அள்ளுதல், மறுபடி கூர்மையான பாதை என்று மாறி மாறிப் போவதே பொருத்தமானது. எப்போது கூர்மையாகப் போவது என்பதை அண்டை வீட்டார் தீர்மானிக்கட்டும்.

எதிரி எதை ஆராய்கிறார் என்று எப்படி அறிவது?

நேரடியாகக் காண முடியாத நிலையிலும் ஊகிக்க நிறைய வழி இருக்கிறது. திரையின் மேல் வரிசையில் தலைவர்களின் படத்தோடு எண்களைக் காட்டும் அமைப்பை இயக்கி வைத்தால், சந்தித்த ஒவ்வொருவரின் சுற்று அறிவியல், பண்பாடு, கையிருப்புத் தங்கம், இராணுவ வலிமை ஆகியவை தெரியும். அவற்றைத் தனித்தனியாகப் பார்க்காமல் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இராணுவ வலிமை கூடிக்கொண்டே, தங்கமும் செலவாகாமல் குவிந்துகொண்டே போனால், ஒரு பெரிய மேம்படுத்தல் வரப்போகிறது. அது வருமுன் உங்களுக்குச் சில சுற்றுகள் இருக்கின்றன. தங்கம் ஒரே சுற்றில் சரிந்து, அதே சுற்றில் இராணுவ வலிமை எகிறினால் மேம்படுத்தல் முடிந்துவிட்டது, அடுத்த சுற்றில் படை நகரும். தங்கம் சரிந்தும் வலிமை அசையாமல் இருந்தால் அவர் கட்டடமோ செட்டிலரோ வாங்கியிருப்பார். மனிதர்கள் பேச்சில் எதையும் மறைக்கலாம். இந்த எண்களை மறைப்பது கடினம்.

கண்ணால் பார்ப்பதும் உதவும். எல்லைக்கு அப்பால் இரும்பின் மேல் சுரங்கம் எழுகிறதா, மூன்று ஆர்ச்சர்கள் வேலையின்றி நிற்கிறார்களா, மதில் கட்டாத நகரம் திடீரென்று மதில் கட்டுகிறதா என்று பார்க்க, வேவுப் படையான ஸ்கவுட் ஒன்றை மேட்டு நிலத்தில் நிறுத்தி வைப்பது மிக மலிவான உளவு. யுரேகா நிபந்தனைகளைத் தெரிந்தவருக்கு எதிரியின் ஒவ்வொரு சுரங்கமும் ஒரு கடிதம்.

நான் ஏற்கெனவே பின்தங்கிவிட்டேன். எப்படித் தாக்குப்பிடிப்பது?

தாக்கும் தொழில்நுட்பத்தைவிட அதைத் தடுக்கும் தொழில்நுட்பம் பெரும்பாலும் மலிவு என்பது உங்களுக்குச் சாதகம். ஸ்வார்ட்ஸ்மேனுக்கு எதிராக நீங்களும் அயர்ன் வொர்க்கிங்கை எட்ட வேண்டியதில்லை. மதில் கட்ட வழிதரும் 80 புள்ளி மேசன்ரி போதும். மதில் இருக்கும் நகரத்தை, இடிமரம் இல்லாத கைச்சண்டைப் படைகள் அடித்தால் மதிலுக்கு மிகச் சிறிய பங்கே சேதம் ஆகிறது. மதில் இருந்தால் நகரம் தானே அம்பும் எய்கிறது. இடிமரமும் மேசன்ரியிலிருந்தே வருவதால் முன்யோசனையுள்ள எதிரி அதைக் கொண்டுவருவார். ஆகவே அவரது ஸ்வார்ட்ஸ்மேனைவிட முதலில் அந்த இடிமரத்தைக் கவனியுங்கள். குதிரைப்படை வந்தால் ஈட்டிப்படைக்கு அதற்கு எதிராக 10 கூடுதல் வலிமை இருக்கிறது.

நகரத்தின் தற்காப்பு வலிமை நீங்கள் கட்டிய மிக வலிய கைச்சண்டைப் படையைப் பொறுத்தும், நகரம் எய்யும் அம்பின் வலிமை நீங்கள் கட்டிய மிக வலிய தொலைவுப் படையைப் பொறுத்தும் அமைகிறது. எனவே புதிய தொழில்நுட்பம் கிடைத்ததும் அந்த வகையில் ஒரே ஒரு படையையாவது கட்டுவது எல்லா நகரங்களையும் ஒரே வேளையில் உயர்த்துகிறது. பின்தங்கியவர் பத்துப் பழைய படைகளைக் கட்டுவதைவிட ஒரு கிராஸ்போமேனைக் கட்டுவது மேல்.

உளவாளிகள் கிடைத்த பிறகு, முன்னணியில் இருப்பவரின் கேம்பஸில் ஒருவரை வைத்து யுரேகாக்களைத் திருடலாம். முன்னணியில் இருப்பவருக்கு இதே வழி பயன்படாது. அவரிடம் இல்லாதது பிறரிடமும் இருக்காது. பின்தங்கியவருக்கு மட்டும் திறந்திருக்கும் சில கதவுகளில் இதுவும் ஒன்று.

பண்பாட்டு மரத்தைப் பின்னுக்குத் தள்ளலாமா?

கூடாது. ஸ்டிரப்ஸின் யுரேகா, பண்பாட்டு மரத்தில் இருக்கும் ஃப்யூடலிசத்திலிருந்து வருகிறது. மேம்படுத்தல் செலவைப் பாதியாக்கும் அட்டையும் கேம்பஸ் அருகமைவை இரட்டிப்பாக்கும் அட்டையும் பண்பாட்டு மரத்தில்தான் இருக்கின்றன. பொலிட்டிக்கல் ஃபிலாசஃபியைப் பிந்தி முடித்தவர் ஒலிகார்க்கியின் 4 வலிமை இல்லாமல் போரிடுவார்.

ஆராய்ச்சிக் கூட்டணி நம்பத் தகுந்ததா?

கூட்டணியின் நிலை உயர உயர அதன் பலன் கூடுவதால் நீண்ட காலத்துக்கு மட்டுமே லாபம். தொலைவில் இருப்பவரோடு வையுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு வைத்தால், அவரை என்றாவது தாக்க வேண்டியிருக்கும் என்ற கணக்கும் அவருக்கு நீங்கள் அளித்த வேகமும் ஒன்றையொன்று வெட்டும்.

விண்வெளி வெற்றியை நோக்கி ஓடும்போது நேரக் கணக்கு எப்படி மாறுகிறது?

ராக்கெட்ரி முடிந்து விண்தளம் கட்டத் தொடங்கிய பிறகு ஆராய்ச்சியைவிட உற்பத்தியே தடையாகிறது. செயற்கைக்கோள், நிலவு, செவ்வாய், புறக்கோள் பயணம் என்ற நான்கு திட்டங்களும் உற்பத்தியைத் தின்பவை. கடைசியில் 50 ஒளியாண்டுத் தொலைவை விண்கலம் கடக்க வேண்டும்; தொடக்கத்தில் சுற்றுக்கு ஒன்று, ஒவ்வொரு லேசர் நிலையத் திட்டத்துக்கும் மேலும் ஒன்று. மனித எதிரிகள் அந்தப் பயணத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார்கள். ஒரே விண்தளத்தை நம்பாமல், உற்பத்தி மிக்க இரண்டு மூன்று உள்நாட்டு நகரங்களில் விண்தளங்களை வைத்து, விண்கலம் புறப்படும் அதே காலத்தில் லேசர் நிலையங்களும் முடியுமாறு செய்ய வேண்டும். எதிரியின் உளவாளிகள் ராக்கெட் பணியைக் குலைப்பார்கள் என்பதால் விண்தள நகரங்களில் எதிர் உளவாளி வேண்டும்.

இதே யோசனை மற்ற நாகரிக ஆட்டங்களுக்கும் பொருந்துமா?

இடைவெளியைக் கணக்கிடும் அடிப்படை பொருந்தும். அதைச் செயல்படுத்தும் கருவிகள் மாறும்.

சிவிலைசேஷன் 4-இல் வருவாயை ஆராய்ச்சிக்கும் கருவூலத்துக்கும் இடையே பத்துப் பத்து விழுக்காடாகத் திருப்பும் கட்டுப்பாடு இருந்தது. சில சுற்று ஆராய்ச்சியைச் சுழியில் வைத்துத் தங்கம் சேர்த்து, பிறகு முழு அளவில் திறந்துவிடுவது அங்கே நல்ல உத்தி. நூலகங்கள் முடியும்வரை காத்திருந்து அதே தங்கத்தை அதிகப் புள்ளிகளாக மாற்றலாம், எதை ஆராய்வது என்ற முடிவையும் தள்ளிப்போடலாம். நீங்கள் சந்தித்த நாடுகள் ஏற்கெனவே அறிந்த தொழில்நுட்பங்கள் அங்கே மலிவாகக் கிடைத்தன. லிபரலிசத்தை முதலில் முடிப்பவருக்கு ஒரு தொழில்நுட்பம் இலவசம் என்பதால், அதை ஒரு சுற்று மிச்சத்தில் நிறுத்தி, விலை மிகுந்த ஒன்று தேர்வுக்கு வரும்வரை பொறுத்து முடிப்பார்கள். அது துணிச்சலான சூது. மற்றவர் லிபரலிசத்தை எட்ட எத்தனை சுற்று என்ற உளவு இல்லாமல் ஆடக் கூடாது.

திறந்த மூல ஆட்டமான ஃப்ரீசிவ் 1990-களின் நடுவில் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கியது. வலையில் பலர் ஆடுவதற்கென்றே உருவானது. அதன் வழக்கமான விதிகளில் ஃபிலாசஃபியை முதலில் கண்டறிபவருக்கு ஒரு தொழில்நுட்பம் இலவசம். ஆகவே தொடக்க ஓட்டம் பெரும்பாலும் அதை நோக்கியே அமைகிறது. சில விதித் தொகுப்புகளில், உங்கள் தூதரகம் இருக்கும் நாடுகள் அறிந்தவை உங்களுக்கு மலிவாகின்றன. அங்கே முதல் சில சுற்றுகளில் எல்லாரோடும் தூதரகம் பரிமாறிக்கொள்வதே மலிவான ஆராய்ச்சி. ஆராய்ச்சி இலக்கை நடுவில் மாற்றினால் சேர்த்த புள்ளிகள் பறிபோகலாம் என்பதால், சிவிலைசேஷன் 6-இன் 60 விழுக்காட்டுத் தாவலை அங்கே முயலாதீர்கள். தொழில்நுட்பப் பரிமாற்றம் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா, நகரத்தைக் கைப்பற்றினால் தொழில்நுட்பமும் கிடைக்குமா என்பவை சர்வருக்குச் சர்வர் மாறும். முதல் சுற்றை ஆடுமுன் சர்வர் அமைப்புகளைத் திறந்து இவற்றையெல்லாம் படித்துவிடுங்கள்.